களையைச் சபித்தால் களை மடியுமா?

நமது எழுத்தாளர்களிடையே அண்மைக் காலத்தில் ஒரு சொல்லுக்கு மிகுந்த செல்வாக்கு ஏற்பட்டிருக்கிறது. 'பார்த்தீனியம்' என்பதே அச்சொல். ஒருவருக்குப் பிடிக்காத அரசியல்வாதி பார்த்தீனியம். இன்னொருவருக்குப் பிடிக்காத திரைப்படம் பார்த்தீனியம். வேறொருவருக்கோ அயலூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் பார்த்தீனியம். கவியரங்குகளிலும் பட்டிமன்றங்களிலும் இந்த உவமை கைதட்டல் பெறத் தவறுவதில்லை.

அத்தகைய கூட்டமொன்றுக்கு நானும் சென்றிருந்தேன். மண்ணின் மணம் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நண்பர், அந்நியக் களைகளை வேரோடு சாய்ப்போம் என்று முழங்கித் தமது உரையை முடித்தார். கூட்டம் கலைந்தது. மண்டபத்தின் வெளிப்படலைக்கு இரு மருங்கிலும், முழங்காலுக்கு மேல் வளர்ந்து, வெண்பொரி இறைத்தாற்போலப் பூத்து நின்றது அதே பார்த்தீனியம். பேசியவரும் கேட்டவர்களும் அதனை உரசிக்கொண்டே வீதியில் இறங்கினர். ஒருவரேனும் நின்று பார்க்கவில்லை. நின்று பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார்களா என்பதும் ஐயமே. கண்ணெதிரே நிற்கும் செடியை அறியாதவர் அதனை உவமையாக்குவதில் என்ன யதார்த்தம் இருக்கிறது? இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

களை என்னும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். களைதல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தது அப்பெயர். களையப்படுவது எதுவோ அது களை. சங்கச் செய்யுட்கள் காட்டும் மருத நிலக் கழனிகளில், களை பறிக்கும் உழவர் மகளிர் நெய்தலையும் ஆம்பலையும் பறித்து வரப்பில் எறிகின்றனர். பொய்கையில் நின்றபோது கூந்தலில் சூடத்தக்கதாயிருந்த மலர், நெல்லின் நடுவே நின்றபோது களையாகிவிட்டது. ஆகவே, களை என்பது இயற்கை இட்ட பெயரன்று. நிலத்தில் உழைக்கும் மனிதன் தன் உழைப்பை முன்னிட்டு இட்ட பெயர். நிலம் யார் கையில் இருக்கிறது, அதில் யார் உழைக்கின்றனர், யார் உழைக்காமல் விட்டிருக்கின்றனர் என்ற கேள்விகளைத் தவிர்த்துவிட்டுச் செடியை மட்டும் சபிப்பவர், அச்சொல்லின் பாதியைத்தான் அறிந்தவராவர்.

பார்த்தீனியத்தின் மீது நம்மவர் சுமத்தும் முதற் குற்றம் அது அந்நியச் செடி என்பது. உண்மைதான். அதன் தாயகம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்ப அமெரிக்க நாடுகள். 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புனா நகரில் அது கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கப்பலேறிய கோதுமையோடு வந்தது என்று அங்கு கூறுவர். 'காங்கிரஸ் புல்' என்று பெயரும் சூட்டினர். அது புல்லினமே அன்று, சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையில் 1999இல் வவுனியாவிலிருந்து அது பதிவு செய்யப்பட்டது. 1987இல் இங்கு வந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்ததென்பது நம்மிடையே பரவலாக வழங்கும் கருத்து. இக்கதைகளுள் எதனையும் நான் மறுக்க வரவில்லை. விதைக்குக் கால்கள் இல்லை. வணிகமும் போரும் 'உதவி'யும் அதனைச் சுமந்து செல்கின்றன. அதை அறிந்துகொள்வது வரலாற்றறிவு.

ஆனால், அந்நியமானது என்பதாலேயே ஒரு செடி தீயதாகிவிடுமா? யாழ்ப்பாணத் தோட்டக்காரனை இத்தனை தலைமுறைகளாக வாழவைத்த புகையிலை எங்கிருந்து வந்தது? நமது கறிக்கு உறைப்புத் தரும் மிளகாய் எங்கிருந்து வந்தது? பஞ்ச காலத்தில் ஏழையின் வயிற்றைக் காத்த மரவள்ளி எங்கிருந்து வந்தது? இவை யாவும் ஐரோப்பியரின் கப்பல்களேறி அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மறுபுறம், நமது நாட்டு வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிய சல்வீனியாவை 1939இல் கொண்டுவந்தது எந்தப் படையும் அன்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதியினூடாகவே அது இந்நாட்டுக்குள் நுழைந்தது. பிறப்பிடத்தைக் கொண்டு நண்பனையும் பகைவனையும் பிரிப்பவர் தாவரங்களிடையேயே வழிதவறுகின்றனர். அந்த அளவுகோலை மனிதரிடையே கொண்டுசென்று, வந்து குடியேறிய ஏழைகளைக் 'களை' என்பவரோ பெருங்குற்றம் புரிகின்றனர். மனிதரை மனிதர் களையென்றும் பூச்சியென்றும் அழைக்கத் தொடங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இந்நாட்டில் வாழ்ந்தவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

செடியின் குற்றம் அதன் பிறப்பிலன்றி அதன் செயலில் இருக்கிறது. ஆகையால் செடியை அறிவோம்.

விதை முளைத்த சில நாட்களில் இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரிந்து கிடக்கும். ஒவ்வோர் இலையும் கரட் இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டு, மெல்லிய மயிர் படர்ந்து, வெளிறிய பச்சையாக இருக்கும். இந்நிலையில் இதனை மாசிப்பத்திரியென மயங்குவோர் பலர். பின்னர் நடுவிலிருந்து தண்டு எழும். அதில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் ஓடும். மேலே செல்லச் செல்லக் கிளைகள் பெருகி இடுப்பளவும், கொழுத்த மண்ணில் ஆளுயரமும் வளரும். கிளை நுனிகளில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகலமே உள்ள வெண்ணிறப் பூந்தலைகள் திரளாக நிற்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பூந்தலைக்கும் ஐந்து மூலைகள் இருக்கக் காணலாம். மூலைக்கொன்றாக ஐந்து விதைகள். நெடுங்காம்பின் நுனியில் மஞ்சள் நடுவோடு ஒற்றையாகப் பூக்கும் மூக்குத்திப் பூண்டை இதுவெனக் கருதிப் பிடுங்கி வீசிவிட்டு, இதனை நிற்கவிட்டுச் செல்வோரையும் நான் கண்டிருக்கிறேன்.

முளைத்த 4 முதல் 6 வாரங்களுக்குள் இது பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் கிடைத்தால் ஆண்டின் எம்மாதத்திலும் முளைக்கும். ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதைகளைத் தரும். மண்ணுள் புதையுண்ட விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இக்கணக்கை ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும்: 20,000 விதைகளில் நூற்றுக்கு ஒன்று மட்டும் பிழைத்தாலும் 200 செடிகள், அந்த 200 செடிகளும் பூத்து முடிந்தால் 40 இலட்சம் விதைகள்.

இதன் உடலெங்கும் பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் அருகே பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. தின்ற மாட்டின் பால் கசக்கும். பூந்தூள் மூக்கிலேறினால் தும்மலும் சிலர்க்கு ஆஸ்துமாவும் உண்டாகும். தோலில் பட்டால் அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் தோன்றும். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. முதன்முறை தொட்டவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. மீண்டும் மீண்டும் தொடுபவரின் உடலே அதற்குப் பகையாகிறது. ஒருமுறை பகையாகிவிட்டால் அது நெடுங்காலம் மாறுவதில்லை.

அப்படியானால், மீண்டும் மீண்டும் தொடுபவர் யார்? காணியின் உறுதிப்பத்திரத்தைப் பெட்டகத்தில் வைத்திருப்பவரா? என் மாணவி ஒருத்தியின் தாயார் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லெடுப்பவர். அவருடைய முழங்கைகளிலும் கழுத்திலும் தோல் தடித்துக் கறுத்து வெடித்திருக்கிறது. கையுறை அணியலாமே என்று, படித்தவன் சொல்லக்கூடிய புத்திமதியை நானும் சொன்னேன். அவர் சிரித்தார். "கையுறை வேணுமெண்டு கேட்டனான் மாஸ்ரர். புல்லுப் பிடுங்க இதென்ன ஆசுப்பத்திரியோ எண்டு தோட்டக்காரர் கேட்டவர். நாளைக்கு வராதை எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது?" இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் களையின் நஞ்சு எல்லாருக்கும் பொதுவானதென்று யாரேனும் சொன்னால் அந்தக் கைகளை அவருக்குக் காட்டுவேன்.

இனி, இச்செடி எங்கே வளர்கிறது என்று பார்ப்போம். நெருக்கமாகப் பயிர் நின்று, நாள்தோறும் மனிதக் கால்பட்டு, உழவாரம் ஓடும் தோட்டத்தில் அது முளைத்தாலும் நிலைப்பதில்லை. கிளறிவிட்டுக் கைவிடப்பட்ட நிலமே அதன் இராச்சியம். வீதி அகலிக்கக் கிரவல் கொட்டிய ஓரங்கள். அத்திவாரமிட்டு நின்றுபோன கட்டடங்களின் வளவுகள். உரிமையாளர் கடல்கடந்து சென்றுவிட, விலையேற்றத்தை எதிர்பார்த்து வெறுமனே கிடக்கும் காணிகள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்பாட்டு நிலங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்நிலங்கள் பல ஆண்டுகளின் பின்னர் பகுதி பகுதியாகவே திருப்பித் தரப்பட்டன. திரும்பிச் சென்றவர்களை வரவேற்றது பயிரன்று; பற்றையும் களையும். மனிதரை நிலத்திலிருந்து பிரித்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப ஏதோவொன்று வந்தே தீரும். குடாநாட்டில் இச்செடி நிற்கும் இடங்களைக் குறித்து ஒரு படம் வரைந்தால், யார் யார் தம் நிலத்தில் உழைக்க இயலாமற் போயினர், யார் யார் உழைக்காமலே நிலத்தை வைத்திருக்கின்றனர் என்பதன் படமாகவே அது பெரும்பாலும் அமையும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பார்த்தீனியம் ஒழிக்கப்படவேண்டிய களையாக அறிவிக்கப்பட்டுமிருக்கிறது. அதற்கு முன்னரே, 1909இல், ஆகாயத்தாமரைக்கென்று தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்றிய நாடு இது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஆகாயத்தாமரை நம் குளங்களில் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2013இல் அமைந்த வடமாகாண சபையின் விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பு இயக்கமொன்றை நடத்தியதையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும். 2018இல் அச்சபையின் ஆயுட்காலம் முடிந்தது. விதையின் ஆயுட்காலம் முடியவில்லை.

இங்கே என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், உலகச் சுற்றாடல் தினத்தன்று, என் பொறுப்பிலிருந்த மாணவர்களைக் கொண்டு ஒரு சிரமதானம் ஒழுங்கு செய்தேன். கிணற்றடியிலிருந்து விளையாட்டுத் திடல் வரையும் பார்த்தீனியம் பூத்து நின்றது. அதிதிகள் வந்தனர். படமெடுப்போர் வந்தனர். பிள்ளைகள் வெறுங்கையால் பிடுங்கினர். சிலர் தண்டை மட்டும் முறித்தனர். பிடுங்கியதைக் கட்டுக்கட்டாக நிலத்தில் இழுத்துச் சென்று பின்மதிலோரம் குவித்தனர். ஏற்றிச் செல்ல வருமென்றிருந்த உழவு இயந்திரம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குக் கை வீங்கியது. ஐப்பசி மழை விழுந்தது. கிணற்றடியிலிருந்து பின்மதில் வரையும், மாணவர்கள் கட்டுகளை இழுத்துச் சென்ற பாதை எதுவோ அந்தப் பாதை முழுவதும், ஒரு பச்சைக் கோடாக முளைத்துக் கிடந்தது. விதைத்தவன் நான். அன்றைய படம் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் முன்வரிசையில் நிற்பவனும் நான்தான்.

அறியாமையோடு கூடிய நல்லெண்ணம் களையின் தோழன் என்பதை அந்தப் பச்சைக் கோடு எனக்குக் கற்பித்தது. பூத்த செடியைப் பிடுங்கி ஊர்வலம் விடுவது ஒழிப்பன்று, அது விதைப்பு. கத்தியாலோ இயந்திரத்தாலோ மேலே வெட்டிவிடுவதும் பயன் தராது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து, முன்னிலும் தாழ்வாகவும் விரைவாகவும் பூக்கும். முள்மரத்தை இளமையிலேயே அகற்றவேண்டுமென்று அறிவுறுத்திய வள்ளுவரைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் நாம், இந்த எளிய உழவனறிவை மட்டும் மறந்துவிட்டோம்.

செய்யத்தக்கது கடினமானதன்று, தொடர்ச்சியானது. மாரி மழை தொடங்கி மூன்று வாரத்துக்குள், இலை நிலத்தோடு கிடக்கும்போதே, ஈர மண்ணில், உழவாரத்தால் அடிக்கட்டையோடு கிளப்ப வேண்டும். பூவாத செடியைக் கிடங்கிலிட்டு மக்கவைத்து எருவாக்கலாம். பூத்துவிட்டதானால், நின்ற இடத்திலேயே தலைகளைக் கொய்து கறுப்புப் பையிலிட்டு இறுகக் கட்டி, வெயிலில் அவியவிட்டு, அதன்பிறகே தண்டைப் பிடுங்க வேண்டும். கையும் முழங்கையும் மூடியிருக்க வேண்டும். இழுப்பு நோயுள்ளவரை அண்டவிடக்கூடாது. மூன்று வாரத்துக்கொருமுறை அதே நிலத்துக்குத் திரும்பிவர வேண்டும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வர வேண்டும். வெளியான நிலத்தை வெறுமையாக விடாது பயிராலோ புல்லாலோ தகரை போன்ற செடிகளாலோ மூட வேண்டும். கிரவலும் எருவும் உழவு இயந்திரமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்காணிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இக்களை நிற்கும் பகுதியை விட்டு வெளியேறும் அறுவடை இயந்திரங்களைக் கழுவித் துப்புரவாக்கியே அனுப்புகின்றனர். நமது இயந்திரங்களோ ஊரூராக விதை சுமக்கின்றன.

இவ்வளவு எதற்கு, ஒரு போத்தல் மருந்து போதும் என்பார் வியாபாரிகள். நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் மேலே தெளிப்பது எதுவும் அதன் கீழேயுள்ள நீருக்குச் சென்று சேரும். அந்நீரையே நாம் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம். உப்புக் கரைசல் தெளிக்கலாமென இந்தியாவில் பரிந்துரைப்பதுண்டு. நன்னீர்க் கிணறுகள் உவராகிவரும் குடாநாட்டுக்கு அதனை யார் பரிந்துரைப்பார்? அங்கு 1984இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிக்கோ வண்டு இச்செடியின் இலையைத் தின்கிறது. ஆனால் வறட்சி காலத்தில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. சல்வீனியாவைக் கட்டுப்படுத்தவென 1986இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவண்டு நற்பயன் தந்ததை மறக்கலாகாது. விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. நமது விஞ்ஞானிகள் ஆராயட்டும். ஆராய்ச்சிக்குப் பணமும் காலமும் அரசு தரட்டும். அதுவரை மனிதக் கையைத் தவிர நம்பத்தக்க கருவி நமக்கில்லை.

ஆனால், எவருடைய கை? கூலியின்றிக் கிடைக்கும் மாணவரின் கையா? கையுறை கேட்டால் வேலை இழக்கும் அந்தத் தாயின் கையா? இக்கேள்வியிலேயே நமது நிலைப்பாடு தெளிவாக வேண்டும். களையெடுப்பு ஒருநாள் திருவிழாவன்று, அது உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு, பாதுகாப்பு உண்டு, காலம் உண்டு. பிரதேச சபைகள் மாரி தோறும் இதற்கென ஆட்களை நியமித்து, கையுறையும் நீண்ட கைச்சட்டையும் கொடுத்து, நியாயமான சம்பளத்தோடு பணிசெய்விக்க வேண்டும். வீதியோரங்களும் அரச வளவுகளும் படையினர் வசமுள்ள நிலங்களும் முதலில் துப்புரவாக்கப்பட வேண்டும். தன் வளவில் களை வளர்த்துக்கொண்டு குடியானவனுக்கு அறிவித்தல் அனுப்ப அரசுக்கு என்ன உரிமை உண்டு? விலையேறக் காத்திருக்கும் தரிசுக் காணிகளைச் சபைகளே துப்புரவாக்கி, செலவை உரிமையாளரிடம் அறவிடட்டும். தோட்டக்காரனும் கையுறையைத் தயவாக எண்ணாது கடமையாக எண்ணட்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் கைகட்டி நிற்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நமது வேலை அறிதலும் அறிவித்தலும். வகுப்புக்கு ஒருவராக மாணவர்கள் தம் ஊரின் ஒழுங்கைகளில் நடந்து, எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது, அக்காணி எவருடையது என்று குறித்து வரட்டும். அந்தப் படத்தை ஐப்பசிக்கு முன் பிரதேச சபையின் மேசையில் வைத்து, ஏன் இன்னும் ஆளனுப்பவில்லை என்று கேட்கட்டும். அடுத்த ஆண்டும் கேட்கட்டும். புகைப்படமெடுக்க யாரும் வராத அவ்வேலையே உண்மையான சுற்றாடற் கல்வி.

எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்வாசனை பேசுவது நன்று. அதற்கு முன் ஒருநாள் மண்ணருகே குனிந்து பாருங்கள். கரட் இலைபோலப் பிளந்த இலைகள் வட்டமாகக் கிடந்தால் அதுதான் நீங்கள் கவிதையில் எழுதிய களை. அதனைப் பிடுங்கிப் பிடுங்கி வெடித்துப்போன ஒரு பெண்ணின் கைகளையும் பாருங்கள். அதன்பின்னர் எழுதுங்கள். அப்போது நீங்கள் எவரையும் பார்த்தீனியம் என்று அழைக்கமாட்டீர்கள்.